கம்பித் தடுப்புக்கு அப்பால் ஓடிய படம்

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை முற்பகலில் என் மேசைத் தொலைபேசி ஒலித்தது. தெற்கே ஜொகூரில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வடக்கிலிருந்து அழைப்பு வருவது அபூர்வம். மறுமுனையில் ஒரே இரைச்சல்.

"மிஸ், நான் வேலு பேசுறேன். சுங்கைப்பட்டாணி ரேடியோக் கடை வேலு."

"சொல்லுங்க வேலு."

 

"பிலவேந்திரன் அண்ணே போயிட்டாரு மிஸ். இன்னிக்குக் காலையில. நெஞ்சு அடைக்குதுன்னாரு. காடிய எடுத்துக்கிட்டு வரேன், உக்காருங்கன்னேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

அவருடைய ஒரே மகள் செலினுக்குத் தெரியுமா என்று கேட்டேன். மாதாகோயில் ஃபாதர் அவள் இருக்கும் கன்னியர் மடத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டாராம். அவளால் வர முடியாதாம். "வர முடியாதுன்னு அண்ணனுக்கும் தெரியும் மிஸ்" என்றார் வேலு. 

சுங்கைப்பட்டாணியில் அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொண்டவர்களில் பாதிப் பேருக்காவது பிலவேந்திரனைத் தெரிந்திருக்கும். கடைவீட்டின் மாடியில், குறுகலான மரப்படி ஏறிப் போனால் அவருடைய ஸ்டூடியோ. வெளிர்நீலத் திரை, உட்காருகிற முக்காலி, சுவரில் மாட்டிய சீப்பும் கண்ணாடியும். தோட்டங்களிலிருந்து கல்யாண ஜோடிகள் லாரியில் வந்து இறங்குவார்கள். எல்லாரிடமும் அவர் ஒன்றையே சொல்வார்: "மூச்சப் புடிச்சுக்கிட்டு இருக்காதீங்க. மூச்சு விட்டுக்கிட்டே அசையாம இருங்க, அப்பத்தான் மொகம் மொகமா இருக்கும்." இந்த வாசகத்தைப் படிக்கும்போது உங்களில் பலருக்கு அவருடைய குரலே கேட்கும் என்று நம்புகிறேன். ஆனால் அதே மனிதர் ஒரு கல்யாணமும் இல்லாத வெள்ளிக்கிழமைகளில் எங்கே போனார், யாரை வைத்துப் படம் எடுத்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நான்தான்.

1978இல் செமிலிங் பக்கம் ஒரு கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டக் கம்பெனியின் சிறிய பரிசோதனைச் சாலைக்கு நோய் ஆய்வு அதிகாரியாக வந்து சேர்ந்தேன். தென்கோடியில் பிறந்து வளர்ந்தவள். முப்பது வயதாகியும் மணமாகாதவள். கம்பெனி கொடுத்த வீடு பால்மரங்களுக்கு நடுவில் தனியாக இருந்தது. மாலையில் வாசல் விளக்கைப் போட்டால் அந்த வெளிச்சத்தில் தெரியும் மனித உருவம் என்னுடையது மட்டும்தான். ஆய்வுக்கூடத்தில் என்னோடு இருந்தவர்கள் நல்லவர்கள். வேலை முடிந்ததும் தங்கள் ஊர்களான மெர்போக்குக்கும் பீடோங்குக்கும் சைக்கிளில் பறந்துவிடுவார்கள். ஒரு நாள் முழுக்கத் தமிழில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் படுத்த நாட்கள் உண்டு.

வடக்கே மழைக்காலத்தில் கித்தா மரங்களுக்கு ஒரு நோய் வரும். பச்சை இலையே காம்போடு கொட்டும். காம்பில் கறுப்பாக ஒரு தழும்பு, அதன் நடுவில் உறைந்த பால் ஒரு பொட்டு. காரணம் ஒரு பூஞ்சை. மழைத்துளியில் அதன் வித்துகள் நீந்திப் போய் காம்பில் ஒட்டி, முளைவிட்டு, உள்ளே நுழைகின்றன. மழைக்கு முன்பே மருந்து தெளிக்க வேண்டும் என்று நாங்கள் சொன்னால், தோட்ட மானேஜர்கள் இலை கொட்டிய பிறகுதான் பணம் ஒதுக்குவார்கள். எங்கள் தலைமை அதிகாரி பொறுமையான மனிதர். "எழுதிக் கொடுத்து அலுத்துவிட்டது. அந்த வித்து நுழைவதைக் கண்ணால் பார்த்தால் நம்புவார்கள்" என்றார். வித்து முளைக்கப் பல மணி நேரம் ஆகும். அத்தனை நேரத்தையும் சிறு சிறு இடைவெளியில் ஒவ்வொரு படமாக எடுத்து, சேர்த்து ஓட்டினால் ஒரு நிமிடத்துக்குள் பார்த்துவிடலாம். எங்களிடம் நுண்ணோக்கி இருந்தது. சினிமா கேமரா இல்லை. ஊரில் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தபோது எல்லாரும் ஒரே மாடிப்படியைக் காட்டினார்கள்.

நான் போனபோது அவர் ஒரு குழந்தையைச் சிரிக்க வைக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய, ஒல்லியான உருவம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. நான் வந்த காரியத்தைச் சொன்னதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"கல்யாணமா மிஸ்?"

"இல்லைங்க, பூஞ்சை."

"பூஞ்சைன்னா... ரொட்டியில வருமே, அந்த மாதிரியா?"

"அதுக்குச் சொந்தம்னு வெச்சுக்கலாம்."

"எவ்வளவு நேரம் உக்காரும்?"

"காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும்."

அவர் அந்த அழுகிற குழந்தையை ஒரு முறை பார்த்தார். "அப்படின்னா வரேன் லா. பரவால்ல, அழாதுல்ல?" என்றார்.

அவரிடம் இருந்தது கல்யாணங்களுக்கு எடுத்துப் போகும் சிறிய ஃபிலிம் கேமரா. ஓரத்தில் ஒரு துளை. அதில் ஒரு கம்பியைச் செருகி அழுத்தினால் ஒரே ஒரு படம் பதியும். அதை நுண்ணோக்கியின் கண்ணுக்கு மேல் எப்படி நிறுத்துவது என்பதிலேயே முதல் சிக்கல். நேராக மாட்டினால் கேமராவின் கனத்தில் நுண்ணோக்கி தலை சாய்ந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, தம் இருட்டறையில் படம் பெரிதாக்கும் இயந்திரத்தின் இரும்புத் தூணைக் கழற்றி எடுத்து வந்தார். அதில் கேமராவைத் தலைகீழாகப் பிணைத்து, நுண்ணோக்கியைத் தொடாமல் அதற்கு மேல் மயிரிழையில் நிறுத்தினார். இடையில் வெளிச்சம் புகாதிருக்கக் கறுப்பு வெல்வெட்டில் ஒரு சட்டை தைத்துப் போட்டோம். அந்தத் தூண் எங்களிடம் இருந்த நாட்களில் அவருடைய கடையில் யாருக்கும் பெரிய படம் கிடையாது. கேட்டவர்களிடம், "தூணு தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருக்கு" என்று சொல்லி அனுப்பினாராம்.

இடைவெளி விட்டு விட்டு அழுத்துவதற்குத்தான் வேலு வந்தார். ஸ்டூடியோவுக்குக் கீழே ரேடியோ பழுதுபார்க்கும் கடை அவருடையது. பழைய ரெக்கார்டு பிளேயரின் மோட்டாரை இன்னும் மெதுவாகச் சுற்ற வைத்து, தட்டின் ஓரத்தில் ஒரு தகர நாக்கு வைத்தார். அது சுற்றி வரும்போது ஒரு விசையைத் தட்டும். விசை ஒரு கதவு மணியின் காந்தத்தை இழுக்கும். காந்தம் கேமராவின் கம்பியை அழுத்தும். மூவரும் சுற்றி நின்று அது முதன்முதலில் 'டிக்' என்று தானாகவே படம் எடுத்ததைப் பார்த்தோம். "எனக்கு வேலை போச்சு" என்றார் பிலவேந்திரன். அவர் சிரித்து நான் முதலில் பார்த்தது அன்றுதான்.

வித்துகளைத் தயார் செய்வது என் பங்கு. பூஞ்சையைக் குளிர்பெட்டியில் சற்று நேரம் வைத்து எடுத்தால், வெளிச்சூட்டுக்கு வந்ததும் வித்துப் பைகள் வெடித்து வித்துகள் நீந்தத் தொடங்கும். அவற்றை ஒரு சொட்டு நீரில், காம்பின் மெல்லிய தோலோடு கண்ணாடியில் வைத்து, காய்ந்துவிடாதிருக்க ஓரமெல்லாம் வாஸ்லின் பூசுவேன். அப்படியும் விளக்கின் சூட்டில் அவை செத்துப்போயின. விளக்குக்கும் நுண்ணோக்கிக்கும் இடையில் ஒரு கண்ணாடிக் குடுவை நிறையத் தண்ணீர் வைத்தேன். படம் எடுக்கும் கணத்துக்கு மட்டும் விளக்கு எரிந்து அணையும்படி வேலு தகர நாக்கை இன்னும் கொஞ்சம் நீட்டினார். அதற்குப் பிறகுதான் அவை பிழைத்தன.

மற்ற நாட்களில் பக்கத்துப் பால் தொழிற்சாலை இயந்திரத்தின் அதிர்வு மேசை வரைக்கும் வரும். வெள்ளிக்கிழமை கெடா மாநிலத்தில் வார விடுமுறை, தொழிற்சாலை ஓடாது. அதனால் எங்கள் வேலையெல்லாம் வெள்ளிக்கிழமைகளில் நடந்தது. கட்டடத்தின் தரை பலகை. யாராவது எழுந்து நடந்தால் படம் ஆடும். ஜன்னல்களைச் சாத்தி, கறுப்புத் துணி தொங்கவிட்டு, நானும் அவரும் எதிரெதிர் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவோம். டிக். விளக்கு எரியும், அணையும். மறுபடி இருட்டு. பசித்தால் மடியில் வைத்திருக்கும் பொட்டலத்தைப் பிரித்து நாசிலெமாக் சோறு சாப்பிடுவோம். ஒருவர் இருமினாலும் மற்றவர் மேசையைப் பார்ப்பார்.

முதல் சுருள் முழுக்கக் கறுப்பு. ஃபிலிமை வெளிநாட்டுக்கு அனுப்பிக் கழுவி வர வாரக்கணக்கில் ஆகும். அத்தனை நாள் காத்திருந்து, ஸ்டூடியோச் சுவரில் ஓட்டிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. வெளிச்சம் போதவில்லை. இரண்டாவது சுருளில் படம் இருந்தது. வித்துகள் தெளிவாகத் தெரிந்தன, முளைவிடவும் தொடங்கின. அப்போது எங்கிருந்தோ ஒரு சிற்றுண்ணி வந்து, மயிர் முளைத்த காண்டாமிருகம் போல எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு திரையின் குறுக்கே போனது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவர் எழுந்து விளக்கைப் போட்டு, "கல்யாண வீட்லயும் இப்படித்தான் மிஸ். யாராச்சும் ஒரு மாமா குறுக்க வந்துருவாரு" என்றார். பிறகு அடுத்த வெள்ளிக்கிழமை எப்போது வர வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

அந்த அறையின் இருட்டில்தான் செலினைப் பற்றி அவர் எனக்குச் சொன்னார். முகம் தெரியாததால் சொல்ல முடிந்ததோ என்னவோ. பல வெள்ளிக்கிழமைகளில், துண்டு துண்டாகச் சொன்னார். மனைவி ரெஜினா காய்ச்சலில் இறந்தபோது செலின் நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். ஸ்டூடியோவில்தான் வளர்ந்தாள். பள்ளி விட்டு வந்ததும் நெகட்டிவ்களில் பென்சிலால் முகப்பருவும் சுருக்கமும் மறைப்பாள். அந்தக் கை யாருக்கும் வராது என்பார். ஆசிரியை ஆவாள் என்று எதிர்பார்த்திருந்தார். இருபது வயதில் ஒரு நாள், தெற்கே உள்ள ஒரு கன்னியர் மடத்தில் சேரப் போவதாகச் சொன்னாள். பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ நடத்துகிற மடமல்ல. உள்ளே போனால் சாகும் வரை வெளியே வராமல், பெரும்பாலும் மௌனத்தில் ஜெபிக்கிறவர்கள்.

"நான் கோயிலுக்குப் போறவன்தான் தங்கச்சி" என்றார். என்னை 'மிஸ்' என்று அழைப்பதை எந்த வெள்ளிக்கிழமையில் விட்டார் என்று எனக்கு நினைவில்லை. "எல்லாப் பூசைக்கும் போறவன். ஆனா ஆண்டவர் எம்புள்ளையவே கேட்பாருன்னு நெனைக்கல."

அவளுக்குக் கன்னியர் உடுப்புக் கொடுக்கிற சடங்குக்கு அவர் போகவில்லை. போகாததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போகவில்லை என்று மட்டும் சொன்னார். பிறகு வருடத்துக்கு ஒரு முறை பார்க்க அனுமதி உண்டு என்று அறிந்து போகத் தொடங்கினார். ஓர் அறை. நடுவில் கம்பித் தடுப்பு. அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவர். அரை மணி நேரம்.

"என்னா பேசுவீங்க அண்ணே?" என்று கேட்டேன்.

"நல்லாருக்கியாம்மான்னு கேப்பேன். நல்லாருக்கேன்பா, நீங்க நல்லாருக்கீங்களான்னு கேப்பா. நல்லாருக்கேன்னு சொல்லுவேன்." டிக் என்றது. விளக்கு எரிந்து அணைந்தது. "அதுக்கப்புறம் மணி அடிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் தரையப் பாத்துக்கிட்டு இருப்போம்."

மூன்றாவது சுருள் சரியாக வந்தது. காலையில் நீந்திக்கொண்டிருந்த வித்து ஒன்று நின்றது, உருண்டையானது, யாரோ உள்ளிருந்து விரலை நீட்டுவது போல ஓர் இழையை நீட்டியது. இழை தோலின் மேல் வளைந்து தடவிக்கொண்டே போய், ஓரிடத்தில் தயங்கி, உள்ளே இறங்கியது. நடுவில் கொஞ்ச நேரம் படம் மங்கித் தெளிந்தது. இருந்தாலும் எல்லாம் தெரிந்தது. அலோர்ஸ்டாரில் மானேஜர்கள் கூட்டத்தில் காட்டினோம். கைதட்டினார்கள், தேநீர் குடித்தார்கள். சில தோட்டங்களில் அந்த வருடம் மழைக்கு முன்பே மருந்து தெளித்தார்கள், சிலவற்றில் தெளிக்கவில்லை. என் உத்தியோகக் கதை அவ்வளவுதான்.

கூட்டம் முடிந்து திரும்பும் வழியில், பெண்டாங் வயல்களைத் தாண்டும்போது, மடியில் சுருள் டப்பாவை வைத்துக்கொண்டு அவர் கேட்டார்:

"தங்கச்சி, இத ஒரு தடவ நான் எடுத்துட்டுப் போலாமா? செலினுக்குக் காட்டணும்."

"தாராளமா. ஆனா மடத்துல விடுவாங்களா?"

"கேட்டுப் பாக்கறேன். விட்டா நீங்களும் வாங்க. இது என்னா ஜந்துன்னு அவ கேட்டா நான் என்னாத்த சொல்வேன்?"

அனுமதி வந்தது. சுங்கைப்பட்டாணியில் ரயிலேறினோம். படம் காட்டும் கருவியைப் பிரம்புக் கூடையில் வைத்து, சுற்றிலும் துண்டு திணித்து, குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டு வந்தார். இரவெல்லாம் அவர் தூங்கவில்லை என்பதைக் காலையில் கண்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மடத்து வாசலில் மணியடித்துவிட்டு, தலையை ஈரக் கையால் வாரிக்கொண்டார்.

அந்த அறை அவர் சொன்னபடியே இருந்தது. கம்பிகளுக்குப் பின்னால் ஐந்தாறு கன்னியர்கள் வந்து உட்கார்ந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரித் தவிட்டுநிற உடையில் இருந்தார்கள். யார் செலின் என்று அவர் காட்டவில்லை. அவர் எந்தப் பக்கம் பார்க்கவில்லையோ அங்கே இருந்தவள்தான் என்று புரிந்துகொண்டேன். அவருடைய நெற்றி, அவருடைய ஒல்லி முகம். ஜன்னல்களை அடைத்து, கம்பிக்கு அந்தப் பக்கத்துச் சுவரில் படத்தை ஓட்டினார். கம்பித் தடுப்பின் நிழல் சுவர் முழுக்க விழுந்தது. வித்து எது, கம்பி எது என்று தெரியவில்லை. நிறுத்திவிட்டு, கருவியை முன்னே தள்ளினார், பின்னே இழுத்தார், பக்கவாட்டில் வைத்தார். நிழல் போகவில்லை. அரை மணி நேரத்தில் பாதி போய்விட்டது. அவர் கைக்குட்டையை எடுத்து லென்ஸைத் துடைத்தார்.

அப்போது செலின் தலைமைக் கன்னியரிடம் மெல்ல ஏதோ கேட்டாள். அவர் தலையசைத்தார். செலின் முதல் முறையாக நேரே அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, மெஷின இந்தப் பக்கம் குடுங்க. நான் ஓட்டறேன்."

மடத்துக்கு வரும் அரிசியும் காய்கறியும் உள்ளே போக, சுவரில் சுழலும் மரப்பெட்டி ஒன்று உண்டு. அண்ணன் அதில் கருவியை வைத்துச் சுற்றினார். அந்தப் பக்கம் அவளுடைய கைகள் அதை எடுத்துக்கொண்டன. மேசையில் வைத்து, சுருளை மாட்டி, பல்சக்கரத்தில் ஃபிலிமைக் கோத்து, மிச்சத்தை விரலால் ஒதுக்கினாள். எத்தனையோ வருடம் தொடாத வேலையை, நேற்று விட்டது போல அந்தக் கை செய்தது. படம் சுவரில் சுத்தமாக விழுந்தது. நாங்கள் கம்பிகளுக்கு வெளியே, தூரத்திலிருந்து, சாய்வாகப் பார்த்தோம். இது என்ன, அது எங்கே போகிறது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் சுவரைப் பார்க்கவே இல்லை.

முடிந்ததும் செலின் ஒரு விசையைத் திருப்பினாள். படம் பின்னோக்கி ஓடியது. இழை காம்பிலிருந்து வெளியே வந்து, சுருண்டு, வித்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. கன்னியர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். செலினும் சிரித்தாள், உரத்த, தொண்டையிலிருந்து வருகிற சிரிப்பு.

"நடுவுல ஃபோகஸ் போயிருச்சுப்பா" என்றாள், கருவியை அணைக்காமலே. "அங்க கூரை தகரமா?"

"தகரந்தாம்மா. பன்னெண்டு மணிக்கு மேல சூடு ஏறிடுச்சு. தொட்டா ஆடிரும்னு விட்டுட்டேன்."

"லேசாத் தொட்டிருக்கலாம்பா."

"தொட்டிருக்கலாம்தான். பயந்துட்டேன்."

"என்னா வெளிச்சத்துல எடுத்தீங்க? கேமராவ எதுல நிறுத்துனீங்க, நம்ம இருட்டறைத் தூணா? கழட்டிட்டீங்களா?"

"ஆமா. வேலுகூட அப்பவே சொன்னான், வேணாம்னே, திரும்ப மாட்டும்போது கோணிக்கும்னு..."

நான் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அங்கே என் விளக்கத்துக்கு வேலை இல்லை. அப்பாவும் மகளும் கம்பிகளுக்கு இரு பக்கமும் நின்றுகொண்டு, தூணைப் பற்றியும் வெல்வெட்டைப் பற்றியும் வாஸ்லினைப் பற்றியும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுப் பேசினார்கள். அடுத்த தடவை விடியற்காலையிலேயே ஆரம்பித்தால் சூடு ஏறுவதற்குள் பாதி முடிந்துவிடும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்தினாள். தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். தவிட்டுநிற உடைகள் ஒன்றின் பின் ஒன்றாகப் போய், கதவு சாத்திக்கொண்டது. சற்று நேரத்தில் மரப்பெட்டி சுழன்றது. கருவி மட்டும் திரும்பி வந்தது, இன்னும் சூடாக.

திரும்பும் ரயிலில் அவர் கருவிக் கூடையை மடியிலேயே வைத்திருந்தார். பட்டர்வொர்த் நெருங்கும்போது, "அவ சிரிச்சா, கேட்டீங்களா?" என்றார். கேட்டேன் என்றேன். "அவ அம்மா சிரிப்பு அது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் என் வீட்டுக்குப் போய் விளக்கைப் போட்டேன். அவர் தம் மாடிப்படி ஏறியிருப்பார். சந்தோஷமான ஒரு நாளின் முடிவில் இரண்டு பேரும் இவ்வளவு தனியாக இருந்தது எனக்கு அன்று வியப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு ஆய்வுக்கூடத்துக்குப் படம் தேவைப்படவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகள் நிற்கவில்லை. கம்பெனி புதிய நுண்ணோக்கி வாங்கியபோது, கழித்துவிட்ட பழையதைத் தலைமை அதிகாரியிடம் கேட்டு அவருக்கு வாங்கிக் கொடுத்தேன். ஸ்டூடியோவின் இருட்டறையில் அதை நிறுத்தினார். ஒவ்வொரு வருடமும் ஒரு சுருள். ஒரு வருடம் ரொட்டிப் பூஞ்சை. ஒரு வருடம், உலரும் உப்புத் தண்ணீரில் கட்டம் கட்டமாகப் படிகம் வளர்வது. ஒரு வருடம் சர்க்கரைத் தண்ணீரில் பூவின் மகரந்தத் தூள் வால் முளைத்து நீள்வது. எதை எடுக்கலாம் என்று என்னிடம் கேட்பார். எப்படி எடுக்க வேண்டும் என்று மகள் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்வாள். திரும்பி வந்ததும் அவள் கண்டுபிடித்த குறைகளைப் பெருமையோடு என்னிடம் ஒப்பிப்பார். "இந்த வருசம் நாலு தப்பு சொன்னா தங்கச்சி!"

ஒரு முறை அவரிடம் கேட்டேன், அவள் அங்கே போனதை இப்போது ஏற்றுக்கொண்டுவிட்டீர்களா என்று. நெகட்டிவ் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், அதை இறக்காமலே சொன்னார்: "ஏத்துக்கல. ஆனா கோவம் இல்ல. ரெண்டும் ஒண்ணு இல்ல தங்கச்சி."

எண்பதுகளின் நடுவில் ஆய்வுக்கூடத்தை மூடிவிட்டார்கள். எனக்கு ஜொகூருக்கு மாற்றல் வந்தது. ரயில் நிலையத்துக்கு அவரும் வேலுவும் வந்தார்கள். வேலு அழுதார். இவர் என் பெட்டியை மேலே வைத்துவிட்டு, கைக்குட்டையால் இருக்கையைத் துடைத்துவிட்டு இறங்கினார். அதன் பிறகு தீபாவளிக்கு அவரும் கிறிஸ்மஸுக்கு நானும் வாழ்த்து அட்டை அனுப்பிக்கொள்வோம். இனி வரும் கிறிஸ்மஸுக்கு அட்டை வாங்கப் போகும்போதுதான் இது எனக்கு முழுதாக உறைக்கும் என்று நினைக்கிறேன்.

வேலுவின் அழைப்பு வந்த அன்றே புறப்பட்டும், நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. வேலு கல்லறைக்கு அழைத்துப் போனார். ஈர மண், சிலுவை, வாடத் தொடங்கியிருந்த மாலைகள். நிறையப் பேர் வந்திருந்தார்களாம். அடையாள அட்டைக்குப் படம் எடுத்தவர்கள், கல்யாணத்துக்கு எடுத்தவர்கள், அந்தக் கல்யாணங்களில் பிறந்தவர்கள். "ஆனா முன்னுக்கு நிக்க ஆளில்ல மிஸ்" என்றார் வேலு. "குடும்பத்துக்காரவங்க முன்னுக்கு வாங்கன்னு ஃபாதர் சொன்னாரு. யாருமே நகரல. அப்புறம் நாந்தான் போய் நின்னேன். நானு இந்து. பரவால்லயா மிஸ்?"

நீங்கள் நிற்காமல் வேறு யார் நிற்பது என்றேன்.

தெற்கே திரும்பும் வழியில் மடத்தில் இறங்கினேன். அனுமதி கேட்டுக் காத்திருந்தேன். அதே அறை. கம்பிக்கு அந்தப் பக்கம் செலின் தனியாக வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல். கண்கள் வீங்கியிருந்தன. அழுது முடித்துவிட்டு வந்தவள் என்று தெரிந்தது.  சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் கேட்டாள்.

"அக்கா, அந்த வெள்ளிக்கிழமையில எல்லாம் ரூமுக்குள்ள அப்பா என்னா பண்ணிக்கிட்டு இருப்பாரு? என்கிட்ட மெஷினப் பத்தித்தான் சொல்வாரு. அவரப் பத்திச் சொன்னதே இல்ல."

சொன்னேன். சுவரோரம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். செருப்பைக் கழற்றிவிடுவார், பலகை சத்தம் போடாமலிருக்க. பொட்டலத்தைப் பிரிக்கும்போது காகிதம் சரசரக்காமல் மடிப்பு மடிப்பாகப் பிரிப்பார். விளக்கு எரிகிற அந்தக் கணத்தில் மேசையைப் பார்ப்பார், அணைந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். உன்னைப் பற்றிப் பேசுவார். ரெஜினா இறந்த பிறகு உன்னை முக்காலியில் உட்கார வைத்துவிட்டு வேலை பார்த்ததைச் சொல்வார். நீ விழுந்துவிடாமல் இருக்கத் தம் இடுப்பு வாரால் உன்னைக் கட்டி வைத்ததைச் சொல்வார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். அத்தனை பெரிய கெடாவில் என்னை அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான்.

அவள் ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டாள்.  பேசி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. எழுந்தவள், போகாமல் நின்றாள்.

"வருசத்துல ஒரு நாள் எனக்குன்னு ஆள் வரலாம் அக்கா. அப்பா நாளு அது. இனிமே அந்த நாளு காலியாத்தான் இருக்கும்." கதவுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். "நீங்க வரீங்களா?"

வருகிறேன் என்றேன்.

பிலவேந்திரன் அண்ணனிடமிருந்து எனக்கென்று கிடைத்தது அதுதான்: வருடத்தில் ஒரு நாள், அந்த நாளில் அரை மணி நேரம். அங்கே போய் என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை. முதலில், நல்லாருக்கியாம்மா என்று கேட்பேன்.